ஆறாவது வரிசை

ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கும் சூசைமரியான், ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவர், தன் பேச்சைத் தானே எழுதி வைத்திருந்தார். வடதுருவத்துப் பனி உருகுவதைப் பற்றி உலகத்துப் பெரியவர்கள் செல்போன் திரை வழியாகக் கூட்டம் போட்டிருந்தார்கள். கரையோரத்து ஆள் என்று அவருக்கும் பேச இரண்டு நிமிடம். கல்லறைத் தோட்டத்தைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது, ஒரு கல்சுவர் வேண்டும். அதைத்தான் கேட்க வேண்டும்.

முறைப்படி வணக்கத்தில் தொடங்கினார். திரையில் தெரிந்த வெள்ளைக்காரர்களின் பெயர்களைத் தங்கை மகள் ஜெசிந்தாவிடம் கேட்டு எழுதியிருந்தார். ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டி, “அவர்களே” சேர்த்து வாசித்தார்.

“மாமா, பேரை விடும், செவரைச் சொல்லும்!” என்று ஜெசிந்தா கிசுகிசுத்தாள்.

“ஒருத்தரை விட்டாலும் கோவப்படுவாவ மக்ளே.”

ஒன்பதாவது “அவர்களே”யில் மொழிபெயர்ப்புக்காரப் பெண்ணின் குரல் வந்தது: “நன்றி ஐயா, உங்க நேரம் முடிஞ்சிருச்சு.” திரையில் வேறொருவர் முகம் வந்தது.

தாளை மடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். மனைவி பிலோமியைப் புதைத்தபோது அவளுடையது கடலிலிருந்து ஆறாவது வரிசை. இப்போது அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. அவர் கடலைப் பார்த்து நின்று, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.