குரல் தாழும் இடம்

டாக்டர் பேசி முடித்ததும் பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து, கைகளைக் கூப்பி, “ஆமென்” என்றார்.

டாக்டர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு தலையசைத்துவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே பெரியவருடைய மனைவி பதினோரு நாளாகக் கண் திறக்கவில்லை. திரும்பிவர வழியில்லை என்று மூன்று டாக்டர்களும் ஒரே மாதிரி சொல்லிவிட்டார்கள். மூச்சு இயந்திரத்தை நிறுத்தச் சம்மதித்துக் காலையிலேயே கையெழுத்துப் போட்டாயிற்று. இன்றைக்கா, நாளைக்கா என்பதுதான் பாக்கி. இப்போதே நிறுத்திவிடலாமா என்றுதான் டாக்டர் கேட்க வந்திருந்தார்.

மகள் விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். ஏறுவதற்கு முன் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நான் வர்ற வரைக்கும் எதுக்கும் சரின்னு சொல்லிடாதீங்கப்பா. அம்மா மூச்சு விடுறதை ஒரு தடவை பாத்துக்கறேன்.”

நாளை மதியம் வந்துவிடுவாள்.

அந்த ஆமெனுக்கு அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அறுபத்திரண்டு வயதிலும் அவர் பீடச் சிறுவன்தான், பூசையில் பாதருக்குக் கூடமாட நிற்கும் பையன். ஒன்பது வயதில் மாட்டிய அங்கியைக் கழற்றவே இல்லை. கூட நின்ற பையன்கள் மீசை முளைத்ததும் பாட்டுக்குழுவுக்குப் போனார்கள், பிறகு கல்யாணம், வேலை என்று காணாமல் போனார்கள். அவர் மட்டும் காலைப் பூசைக்கு மணியும் தண்ணீர்க் குடுவையுமாக நின்றார். இப்போது பக்கத்தில் நிற்கும் பொடிசுகள் அவருடைய இடுப்புயரம். கோயிலில் அவருக்குப் பெயர் ‘பெரிய பையன்’.

தொப்பை ஏற ஏற அங்கியைப் பிரித்து அகலமாக்கியே மனைவிக்குக் கண் போயிற்று. என்னைக் கட்டியதற்கு அந்த மணியையே கட்டியிருக்கலாம் என்பாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

பீடத்தில் நிற்பவன் வார்த்தைகளைக் கேட்பதில்லை. குரலைத்தான் கேட்பான். பாதரின் குரல் தாழும் இடத்தில் ஆமென். மனம் எங்கே மேய்ந்தாலும் வாய் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒருமுறை மின்சார அலுவலகத்தில் அதிகாரி இழுத்து இழுத்துப் பேசி நிறுத்தியதும் இவர் ஆமென் சொல்ல, வரிசையே சிரித்தது.

இந்த டாக்டருக்கும் மெதுவான குரல். கைகளைக் கோத்தபடி, இடைவெளி விட்டு விட்டுப் பேசி, கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

கதவு இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நாலு எட்டு வைத்துத் தட்டினால் போதும். பழக்கதோஷம் டாக்டர், மகள் வரட்டும் என்றால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

அவர் உட்கார்ந்தார்.

அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. காலில் இடித்த பிளாஸ்க்கை நகர்த்தி வைத்தார்.

உள்ளே நர்ஸ் பச்சைத் திரையை இழுத்து மூடினார்.

மகளிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். டாக்டர் என்ன கேட்டாங்கன்னே காதுல விழலம்மா, பழக்கத்துல வாய்ல வந்துடுச்சு. அவள் நம்புவாள். அப்பாவைத் தெரியும் அவளுக்கு.

இன்னொரு ராத்திரி அந்த இயந்திரம் மனைவியின் நெஞ்சைத் தூக்கித் தூக்கிப் போடுவதைப் பார்க்க அவரால் ஆகாது.

“உங்க பொண்ணு வர்ற வரைக்கும் வேணும்னா வச்சிருக்கலாம். ஆனா அம்மா உடம்பு தாங்காதுங்கய்யா. நீங்க சரின்னா இப்பவே நிறுத்திடறோம்.”

டாக்டர் சொன்னது அதுதான். ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டுத்தான் அவர் எழுந்து நின்றார்.