நாலு ஃப்ரெட் தள்ளி

பாட்டு முடிந்துவிட்டது. தாலி இன்னும் வரவில்லை.

கோயிலில் இருந்த அத்தனை பேரில் இது தெரிந்தது இரண்டு மூன்று பேருக்குத்தான். அதில் ஒருத்தி, பாடல்குழுவான கொயரில் கிட்டாரோடு நின்ற சகாயமேரி.

மாப்பிள்ளையின் அம்மா லூர்துமேரி, கடைசிச் சரணம் ஓடும்போது முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் பக்கத்தில் வந்து காதைக் கடித்திருந்தாள்.

"தாலி வூட்ல ஃப்ரிட்ஜ் மேலயே நின்னுபோச்சு மேரி. கொழுந்தனாரு வண்டியில போயிருக்காரு. பொண்ணு வூட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிரும். அவரு வர்ற வரைக்கும் எதையாவது வாசிச்சிட்டே இரு."

மணமக்கள் பீடத்தின் முன் முழங்காலில் இருந்தார்கள். ஃபாதர் அவர்கள் தலைக்கு மேல் கைநீட்டிக் கண்மூடி நின்றார். தூய ஆவியை அழைக்கும் பாட்டு அடங்கினால் கண் திறப்பார். வாக்கு வாங்குவார். அடுத்து தாலித் தட்டைத்தான் கேட்பார்.

பல்லவியைத் திருப்பித் திருப்பிப் பாடியாகிவிட்டது. பாடுகிற பெண்கள் தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டார்கள். பாக்கி இருந்தது கிட்டாரில் பாட்டை முடித்துவைக்கிற எஃப் கார்டு, அந்தக் கடைசிச் சுரக்கூட்டு ஒன்றுதான்.

சகாயமேரி அதை வாசிக்கவில்லை. அதற்கு முந்தின சி கார்டில் நின்றுகொண்டு, அதிலிருந்த ஜி என்ற சுரத்தை மட்டும் ஒரு ஃப்ரெட், அதாவது கிட்டார் கழுத்தில் ஒரு கட்டம், மேலே தள்ளினாள்.

ஆக்மெண்டட்.

மொரப்பூர் பஸ்ஸில் போனைப் பார்த்துப் பார்த்து, முன்சீட்டுக் கம்பியில் விரலை வைத்துப் பழகிய கார்டு. சி, ஈ, ஜி ஷார்ப். மூன்றுக்கும் நடுவே ஒரே இடைவெளி, நாலு நாலு ஃப்ரெட். எது தலை, எது வால் என்று பிடிபடாது. அதனால்தான் காது அங்கே உட்கார மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

முதல் தடவை கேட்டபோது அவள் புருஷன், கிட்டாரைக் கடையில் மாற்றிக்கொள்ளலாமா என்று கரிசனமாகக் கேட்டான்.

கொயர் மாஸ்டர் ஆரோக்கியராஜோ பல்வலி மாதிரி இருக்கிறது என்றார். கோயிலுக்குள் அது கேட்டால் இனிமேல் கீபோர்டே போதும் என்றும் சொல்லியிருந்தார்.

இன்றைக்கு அவர்தான் மாப்பிள்ளையின் அப்பா. முன்வரிசையிலிருந்து திரும்பி ஒரு முறை முறைத்தார்.

லூர்துமேரி அவர் காதில் ஏதோ சொன்னாள். மனுஷன் முன்னால் திரும்பி உருக்கமாக ஜெபிக்க ஆரம்பித்தார்.

சகாயமேரி விரல்களை அப்படியே நாலு ஃப்ரெட் மேலே நகர்த்தினாள். அதே கார்டு, கொஞ்சம் உயரத்தில்.

ஜனம் பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. ஃபாதரின் கை இறங்கவில்லை.

இன்னும் நாலு ஃப்ரெட். அதே கார்டு.

மாப்பிள்ளை, பாட்டு முடிந்ததென்று எழப்போனான். பெண் சுசித்ரா ஓரக்கண்ணால் கொயர் பக்கம் பார்த்தாள். அவன் சட்டைக் கையைப் பிடித்துத் திரும்ப முழங்காலில் இருத்தினாள். பின்வரிசை அத்தை ஒருத்தி, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்தியா என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குமேல் கிட்டாரில் ஏற இடமில்லை. வந்த வழியே இறங்கினாள். விரல் நுனி எரிந்தது.

வெளியே வண்டி நிற்கும் சத்தம். பக்கக் கதவு திறந்தது. வியர்த்து வழிந்த கொழுந்தனார் தட்டில் தாலியை வைத்து மேலே பூவைப் போட்டு மூடினார்.

சகாயமேரி எஃப் கார்டை வாசித்தாள். கோயிலே மூச்சு விட்டது. ஃபாதர் கண் திறந்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒவ்வொரு இலையாக வந்தார்கள். சகாயமேரியிடம் வந்ததும் சுசித்ரா குனிந்து தன் இடது கையை விரித்துக் காட்டினாள். மருதாணிக்குள் நாலு விரல் நுனியும் காய்த்திருந்தது.

"எங்க ஓசூர் கொயர்ல நான்தாங்க்கா கிட்டார். மூணாவது வாட்டியும் அதே கார்டு வந்தப்பவே தெரிஞ்சிருச்சு, எதுக்கோ காத்திருக்கீங்கன்னு. எங்க மாமியார் என்னத்த மறந்தாங்க?"

சுசித்ராவின் கழுத்தைப் பார்க்காமல் இருக்க சகாயமேரி ரொம்பப் பாடுபட்டாள்.