பல் டாக்டர் வீட்டு ஜெரேனியம்

என் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

குடியிருப்பின் பூந்தொட்டிப் போட்டியில் இந்த முறையாவது ஜெயிக்க வேண்டுமே என்று தையல்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் ஜெரேனியம் பூச்செடியின் மேல் யார் விரலும் படவிடமாட்டார். ஆனாலும் வருடா வருடம் பரிசை அள்ளிக்கொண்டு போகிறவர் எதிர்வீட்டுப் பல் டாக்டர்.

அதனால், தினமும் விடிந்ததும் பால் வாங்கப் போகிற சாக்கில், டாக்டர் வாசலில் நின்று அவர் செடியின் கொழுந்துகளை நகத்தால் கிள்ளிவிட்டு வந்தார். கத்தரிக்கோல் வைத்தால் வெட்டு நேராக விழுந்து, இது யார் கை என்று காட்டிக் கொடுத்துவிடுமாம்.

"நகமெல்லாம் ஏன் பச்சையா இருக்கு?" என்றாள் மனைவி.

"துணிச் சாயம்டி."

"வெள்ளைச் சட்டைதானே தைச்சுக்கிட்டிருக்கீங்க?"

கிள்ளக் கிள்ள, டாக்டரின் செடி நாலாபக்கமும் படர்ந்து பூத்துத் தள்ளியது. டாக்டர் பூக்களை இரண்டு கையாலும் விலக்கித்தான் வேலைக்குப் புறப்பட்டார். தையல்காரருக்குத் தூக்கமே போய்விட்டது. அவருடைய செடியோ ஒற்றைக் குச்சியாக வளர்ந்து, உச்சியில் ஒரே ஒரு பூவோடு கூரையை முட்டியது.

பரிசு டாக்டருக்கே.

"எப்படி டாக்டர் சார்?" என்று வயிறெரியக் கேட்டார் தையல்காரர்.

"நுனியைக் கிள்ளிக்கிட்டே இருந்தாத்தான் இது கிளைவிட்டுப் பூக்கும் மாஸ்டர். இந்த வருஷம் எனக்கு அதுக்கு நேரமே இல்ல. நல்லவேளை, தினமும் நீங்க வந்தீங்க. நான் ஜன்னல்ல நின்னு பல் தேய்ச்சுக்கிட்டே பாத்துக்கிட்டிருந்தேன்."