பதினாலு கட்டு நூல்

"அன்னைக்கிருந்த வீரபாகுவும் இன்னைக்கிருக்கிற அர்த்தநாரியும் மோதினா எவன் ஜெயிப்பான்?"

காப்பி கிளப்பில் யாரோ கேட்டுவைத்தார்கள். வெண்ணந்தூர் முழுக்க அதே பேச்சாகிவிட்டது.

இரண்டு பேருமே குத்துச்சண்டையில் ஜில்லா சாம்பியன்கள். இரண்டு பேருக்கும் ஒரே எடைப் பிரிவு. வெல்ட்டர் வெயிட் என்று அதற்குப் பேர். ஆனால் வீரபாகு பட்டம் வாங்கியபோது அர்த்தநாரி தெருவில் கோலி ஆடிக்கொண்டிருந்தான்.

"வீரபாகு இடது கையை எடுத்தா இந்தப் பொடியன் ரெண்டாவது ரவுண்டு தாங்க மாட்டான்."

"அட போப்பா! அர்த்தநாரி கால் ஓடற ஓட்டத்துக்கு உங்காளு அவன் நெழலைத்தான் குத்தோணும்."

பேச்சோடு போயிருக்கும். சந்தைக்குக் கொட்டகை போட வந்த காளியப்பன், "மோதவுட்டே பாத்துரலாமுங்க!" என்று நோட்டீஸ் அடித்துவிட்டான்.

அன்றிலிருந்து வீரபாகுவின் மனைவி சாரதாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

"அவங்க பேசறது அன்னைக்கிருந்த உங்களைப் பத்திங்க. இன்னைக்கிருக்கிற நீங்க எதுக்குங்க போகோணும்?" என்று புருஷனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"போகாட்டி, அன்னைக்கிருந்தவனும் பொய்யின்னு ஆயிரும்," என்றான்.

கடைசிச் சண்டையில் அவனுக்குக் காதோரம் ஒரு குத்து விழுந்திருந்தது. அதற்கப்புறம் சில வேளை நன்றாக இருக்கிறவன் திடீரென்று கண் செருகித் தறிமேலேயே சாய்ந்துவிடுவான். சேந்தமங்கலத்து வைத்தியர் அவளைத் தனியே கூப்பிட்டு, "தலையில இன்னொரு அடி உழுந்தா உன்ற தாலி நிக்காதம்மா," என்று சொல்லியிருந்தார்.

இது வெளியே தெரியக்கூடாது என்று குழந்தை தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டான் வீரபாகு. குழந்தை தூக்கத்தில் சிணுங்கினால்கூட, வாய் தவறி எங்காவது சொல்லிவிட்டோமோ என்று அவளுக்குத் திக்கென்றது.

சண்டையன்று காலையில் எடை பார்த்தார்கள்.

ஆளை நிறுக்கும்படியான தராசு நூல்கடை சரவணமுத்துவிடம்தான் இருந்தது. வீரபாகு கூலிக்கு நெய்து கொடுப்பதும் அவருக்குத்தான். வரம்பு நூற்று நாற்பத்தேழு ராத்தல். நூல் கட்டு ஒன்று பத்து ராத்தல். ஒரு தட்டில் பதினாலு கட்டும் ஏழு ராத்தல் குண்டும் வைத்தார் சரவணமுத்து. மறு தட்டில் ஆள். ஆள் தட்டு இறங்கினால் சண்டை கிடையாது.

சாரதாமணி எதிர்ச்சாரியில் பெண்களுக்குப் பின்னால் குழந்தையோடு ஒண்டி நின்றாள்.

அர்த்தநாரி ஏறினான். தட்டு மேலேயே நின்றது.

வீரபாகு ஏறினான். எடைக்காகத் தண்ணீரைக்கூட அளந்து குடித்தவன். எலும்பு தெரிந்தது.

தட்டு மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தது.

"அன்னைக்கிருந்தவரும் இன்னைக்கிருக்கிறவரும் சேந்து ஏறிட்டாங்களாட்ட இருக்குது!" என்றான் அர்த்தநாரி. கூட்டம் கெக்கெக்கென்று சிரித்தது.

வீரபாகு வேட்டியை அவிழ்த்தெறிந்து, கோவணத்தோடு மறுபடி ஏறினான். மறுபடியும் இறங்கியது.

"ரெண்டு ராத்தல் முன்னப் பின்ன இருந்தா என்னங்க? நோட்டீஸ் போட்டாச்சுங்க!" என்று கெஞ்சினான் காளியப்பன்.

"என்ற தராசுல முன்னப் பின்னங்கற பேச்சே கெடையாது," என்றார் சரவணமுத்து.

"பொய்யி! உன்ற தராசு பொய்யி!" என்று கத்தினான் வீரபாகு.

"எனக்கு மீசை மொளைச்ச நாள்லருந்து இந்தத் தராசை ஒருத்தன் பொய்யின்னதில்லே. எறங்குடா கீழே."

ஊர் பார்க்க அப்படிச் சொன்னார். வீரபாகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தெருவில் நடந்தான். "மனுசனா அந்தாளு? கல்லு," என்று பெண்கள்கூடச் சரவணமுத்துவைத் திட்டினார்கள்.

சாரதாமணிக்குப் போன உயிர் வந்தது. ஆனால் புருஷன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவன் சுவரைப் பார்த்துப் படுத்தபடி ஒன்றே ஒன்று சொன்னான்.

"அவன் நூலை இனி நான் தொடமாட்டேன். மிச்சம் இருக்கறதைக் கொண்டுபோய் அவன் மூஞ்சியில வீசிட்டு வா."

சாயங்காலம் நூலைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். கடையில் சரவணமுத்து மட்டும் இருந்தார். வீச எங்கே துணிச்சல்? மெதுவாக இறக்கி வைத்தாள்.

"இனி... இனி உங்களுக்கு நெய்யறதில்லைன்னு சொல்லிட்டாருங்க."

"செரி அம்மிணி. உசுரோட இருந்து வேற கடைக்கு நெய்யட்டும்."

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"சாமி சத்தியமா நான் ஆருகிட்டயும் ஒண்ணும் சொல்லலீங்க!"

அவர் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து, மூலையில் கிடந்த கோணிச் சாக்கைத் தூக்கினார். அடியில் நூல் குவிந்து கிடந்தது.

"கட்டுக்கு ஒரு பிடி உருவிட்டேன். நாளைக்கு ஆளுக வரதுக்குள்ள திருப்பிச் சேத்துக் கட்டோணும். இப்பிடிச் செத்தப் புடி."

அவள் நூலைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு எப்பிடிங்க...?"

"உன்ற ஊட்டுக்காரன் நெய்யற துணியை விரிச்சுப் பாத்து வாங்கறவன் நானு," என்றார் சரவணமுத்து, அவளை நிமிர்ந்து பார்க்காமல். "அவன் சாஞ்சு உழுந்த எடமெல்லாம் அதுல இருக்குது அம்மிணி."