மணிக்கட்டருகே மண்

சோலோதுர்ன் பழைய நகரில், தொல்லியல்காரர் தோண்டிய குழியைச் சனங்களுக்குத் திறந்து காட்டும் நாள் இன்று. கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்தபடி வரதராசா விளிம்பில் நிற்கிறார். கீழே, மஞ்சள் தலைக்கவசத்தோடு அவருடைய மகள் பிரசாந்தினி. இங்கே பிறந்து, இங்கேயே தொல்லியல் படிக்கிறவள். ஈர மண்சுவரைத் தொட்டுத் தொட்டு, இந்த மாநிலத்தின் கதையை மேலே நிற்பவர்களுக்கு ஜெர்மனில் சொல்கிறாள்: அடியில் கற்காலம், அதன்மேல் ரோமர்களின் ஓட்டுத்துண்டுகள், அதற்கும் மேல் எரிந்த வீடொன்றின் கரி. வரதராசா சுவரைப் பார்க்கவில்லை. அவளுடைய முழங்காலருகே மண்ணிலிருந்து பாதி வெளிவந்திருக்கும் எலும்புக்கூட்டையே பார்க்கிறார். “பிள்ளை, கை பின்னால கட்டிக் கிடக்கோ?” தமிழில் கேட்கிறார். “என்னப்பா, இது ரோமர் காலத்து ஆள்.” “ஓம், தெரியும். நீ பாத்துச் சொல்லு. உடுத்த சாரத்துண்டு, கயிறு ஏதும்?” அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கிறாள். தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்தில் ஆமி கொண்டுபோய் இன்றுவரை திரும்பாத சித்தப்பா அவளுக்கு வீட்டுச் சுவரில் மாலை போடாத ஒரு படம் மட்டும்தான். குனிந்து, மணிக்கட்டருகே ஒட்டியிருந்த மண்ணைத் தூரிகையால் மெல்லத் தள்ளுகிறாள். தூரிகையின் சரசரப்பு மேலே வரை கேட்கிறது. “கை ரெண்டும் பக்கத்திலதான் கிடக்கு அப்பா. ஆரோ வடிவாப் படுக்கவைச்சுத்தான் தாட்டிருக்கினம்.” அடக்கிவைத்திருந்த மூச்சை வரதராசா விடுகிறார். ஆனால், கயிற்றை விடவில்லை. குழியின் மூலையில் நீலப் படங்கு போட்டு மூடியிருக்கும் இடத்தை நோக்கி அவர் விரல் நீள்கிறது. “அப்ப, அதுக்குள்ள ஆர்?”