யார் வீட்டு மணி?

காலிக் கிண்ணத்தோடு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள் தையல்காரி. கீழ்வீட்டில் பாத்திரம் உருண்ட சத்தம். காலிங் பெல்லில் வைத்த விரலை அவள் எடுக்கவேயில்லை.

நர்ஸ் கதவைத் திறந்தாள். "என்னக்கா?"

"கொஞ்சம் சர்க்கரை."

உள்ளே நர்ஸின் புருஷன் ஸ்டூல்மேல் நின்று பரணை ஒழித்துக்கொண்டிருந்தான். "குண்டான் கை நழுவிடுச்சுக்கா. வேற ஒண்ணுமில்ல, கிண்ணத்தோட மேல போங்க" என்று சிரித்தான்.

அரசாங்கச் செலவில் நடந்த மூன்று நாள் பயிற்சியில் கட்டடத்துக்கே சொல்லிக்கொடுத்த வித்தை இது. ஒரு வீட்டில் அடிதடிச் சத்தம் கேட்டால் பெல்லை அடித்து ஏதாவது சின்னப் பொருள் கேட்க வேண்டும். சண்டையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. ஓங்கின கை அதற்குள் இறங்கிவிடும். அப்புறம் பெல் அடித்தவர் ரிஜிஸ்டரில் ஒரு கோடு போட வேண்டும். வீட்டு எண் எழுதக்கூடாது.

இதற்காகக் கட்டடத்தில் அமைத்த குழுவுக்குத் தலைவி தையல்காரிதான். இந்த மாதம் ஒன்பது கோடு விழுந்திருந்தது. அவள் போட்டது இரண்டு. மீதி ஏழும் எந்த வீடு?

"எவளோ ஒருத்தி இந்தக் கட்டடத்துல அடி வாங்கிட்டு வாயை மூடிட்டு இருக்கா, பாவம்" என்றாள், வீட்டுக்கு வந்து அடுப்பில் கிளறியபடி. "கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

கணவர் நெற்றிப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டார். "கண்டுபிடிச்சு?"

"அவ புருஷனை உண்டு இல்லைன்னு பண்ணிடுவேன். உதவிக்கு ஆள் வேணும்னா, நமக்கு வாய்ச்ச ஜனங்களைப் பாருங்க. மெக்கானிக் வீட்டுல ஸ்பேனர் இல்லையாம், நம்மகிட்ட வந்து நிக்கிறார். நர்ஸ் தெர்மாமீட்டர் கேக்குறா. வெட்கமே கிடையாதா?"

அவர் தண்ணீர் எடுக்கப் போனார். முழங்கை இடித்து, வெட்டி வைத்திருந்த துணிமேல் செம்பு கவிழ்ந்தது.

"கண்ணைப் பிடரியிலயா வச்சிருக்கீங்க? எத்தனை தடவை சொல்றது!" குரல் கூரையைத் தொட்டது. கையும் கரண்டியோடு மேலே போனது.

காலிங் பெல் அடித்தது.

அதே வேகத்தில் போய்க் கதவைத் திறந்தாள். எதிர்வீட்டு மெக்கானிக். அவருக்குப் பின்னால் நர்ஸ், படியேறி வந்த மூச்சிரைப்போடு.

"இப்ப என்ன வேணும்?"

மெக்கானிக் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு நின்றவரைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"அந்தக் கரண்டியைக் கொஞ்சம் குடுங்கக்கா."