காகிதத்தின் பின்புறம்

கலைப்பொருட்களை ஏலம் விடும் நிறுவனத்தில் பழைய அச்சுப்படங்களை மதிப்பிடுவது யாழிசையின் வேலை. அன்று மேசைக்கு வந்த படத்தில், சிங்கத்தின் அருகே ஒரு துறவி உறங்கிக்கொண்டிருந்தார். காதலித்த நாட்களில் இளம்பரிதிக்கு அவளே வாங்கிக் கொடுத்த படம். "வெறும் நகல்தான்டா, மியூசியம் கடையில வாங்கினேன்" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தாள்.

"ஐந்நூறு வருஷத்துப் படம்னு சொல்வாரு மேடம். ஒருத்தரையும் தொட விடமாட்டாரு," என்றாள் எதிரில் இருந்த அவன் மனைவி. "போன மாசம்தான் தவறிட்டாரு."

அப்படித்தான் அந்தச் செய்தி யாழிசைக்கு வந்து சேர்ந்தது.

மரக்கட்டையில் செதுக்கி, அழுத்தி எடுத்த அசலென்றால் காகிதத்தின் பின்புறத்தில் கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும். படத்தைத் திருப்பி, தேவைக்கு அதிகமாகவே தடவிக்கொண்டிருந்தாள். வழவழவென்றிருந்தது.

"அசலா மேடம்?"

"நகல்தாங்க. விலை போகாது." அவள் படத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட மாட்டாளா என்று யாழிசையின் மனம் ஏங்கியது.

அவன் மனைவி படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "பழைய படம்னா அவருக்கு அத்துப்படி மேடம். நகல்னு தெரியாமலா இருந்திருக்கும்?" அவள் முகம் மெல்ல மாறியது. "அப்புறம் எதுக்கு இத இப்படிப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தாரு?"